மருந்துச் சீட்டும் மாதச் செலவும்

மாதத்தின் முதல் வாரத்தில் ஓய்வூதியம் கணக்கில் வரவாகிறது. அதில் ஒரு பங்கு அந்த வாரத்திலேயே மருந்துக் கடைக்குச் சென்றுவிடுகிறது. ஐதராபாத்தின் அல்வால் பகுதியில் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. செகந்திராபாத் கண்டோன்மெண்டை ஒட்டிய இவ்வட்டாரத்தில் ஓய்வுபெற்ற படைவீரர் குடும்பங்கள் பல. சென்னைப் படைப்பிரிவுகளோடு வந்து தங்கிய தமிழர்களின் வழித்தோன்றல்களும் அவர்களுள் உண்டு. இவர்கள் முதலில் நாடுவது தெருமுனை கிளினிக்கைத்தான்.

அங்கே எழுதப்படும் சீட்டை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்ப்போம். சர்க்கரைக்கு மெட்பார்மின், இரத்த அழுத்தத்திற்கு டெல்மிசார்ட்டன், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின். கடைசி வரியில் வயிற்றுக்காக பான்டோபிரசோல். என்றோ மூட்டுவலி மாத்திரையோடு துணைக்கு வந்தது, வலி போன பின்னும் தொடர்வதுண்டு. ஆனால் சீட்டில் இம்மூலப்பெயர்கள் பெரும்பாலும் இரா. நிறுவனங்கள் சூட்டிய வணிகப் பெயர்களே இருக்கும்.

செலவு உருவாவது இங்கேதான். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு 2013ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்சவிலை உண்டு. ஆனால் அது சந்தையில் குறைந்தது 1 சதவீதப் பங்குள்ள தயாரிப்புகளின் சராசரியைக் கொண்டு, வணிகருக்கு 16 சதவீதம் சேர்த்துக் கணக்கிடப்படுவது. ஆகவே அவ்வுச்சிக்குக் கீழே ஒரே மருந்து பல விலைகளில் விற்கும். பட்டியலில் இல்லாத மருந்துகளின் விலையையோ நிறுவனம் ஆண்டுக்கு 10 சதவீதம் வரை உயர்த்திக்கொள்ளலாம்.

விலை குறைந்த அதே மருந்தைக் கடைக்காரரிடமே கேட்டுப் பெறலாமே என்று தோன்றும். மருத்துவர் சீட்டின்பேரில் மட்டுமே விற்கவேண்டிய மருந்துகளில், எழுதப்பட்ட தயாரிப்புக்கு மாற்றாக வேறொன்றைத் தர மருந்து விதிகள் அவரை அனுமதிப்பதில்லை. 2008இல் தொடங்கிய மக்கள் மருந்தகத் திட்டக் கடைகளில் விலை பலவற்றுக்குப் பாதியோ அதற்கும் குறைவோதான். ஆயினும் கையில் வணிகப் பெயரெழுதிய சீட்டோடு செல்பவர் அங்கும் தடுமாறுவார். மூலப்பெயரில் எழுதுவதைக் கட்டாயமாக்கி 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிமுறைகள் அம்மாதத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டன. மலிவு மருந்தின் தரம் குறித்து மருத்துவர்கள் எழுப்பிய ஐயம் முற்றிலும் புறந்தள்ளத்தக்கதன்று. மக்கள் மருந்தகச் சரக்கு தொகுதிதோறும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் சோதிக்கப்படுகிறது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டிய இடம் மருத்துவரின் மேசைதான். வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லுங்கள். “டாக்டர், இவற்றுள் எது இன்னும் தேவை? மூலப்பெயரிலும் எழுதித் தருவீர்களா?” என்ற இரு கேள்விகள் போதும். கேட்கத் தயங்குவோரே மிகுதி. மருத்துவரின் மனம் நோகுமோ என்ற அச்சம். தினமும் நூறு பேரைப் பார்ப்பவருக்கு நம் மாத பட்ஜெட் எப்படித் தெரியும்?

எதையும் தாமாக நிறுத்தலாகாது. வலிப்பு, தைராய்டு, இரத்தம் உறையாமைக்கான மருந்துகளை உண்போர் நிறுவனத்தை அடிக்கடி மாற்றாதிருப்பது நன்று. மற்ற மருந்துகளை மாற்றியபின், ஒரு மாதத்திற்குள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அதே கிளினிக்கில் மீண்டும் பார்த்து, அளவைச் சீட்டின் பின்புறம் குறித்துக்கொள்ளுங்கள்.