ஒரு நாள் பாட வந்த பெண். ஒரு வாரம் விடாத முதலாளி!

சென்னை மவுண்ட் ரோட்டில், ஜெமினி பக்கம் இருந்த சபையர் தியேட்டர் ஞாபகம் இருக்கிறதா? சபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே கட்டிடத்தில் 3 தியேட்டர்! அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் "நைன் ஜெம்ஸ்" என்று ஒரு நைட் கிளப்பும் இருந்தது.

1969-ல் அங்கேதான் ஒரு இளம்பெண்ணின் தலையெழுத்து மாறியது. அவர் யார் தெரியுமா? உஷா உதூப்! அன்றைக்கு அவர் பெயர் உஷா ஐயர்.

ஒதுக்கப்பட்ட குரல்

1947-ல் பம்பாயில் பிறந்த தமிழ்ப் பெண். அப்பா போலீஸ் அதிகாரி. பெண் குரல் என்றால் குயில் மாதிரி இருக்கணும் என்பது அன்றைய கணக்கு. உஷாவுக்கோ கனத்த, கட்டைக் குரல். இது சரிப்படாது என்று பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பிலேயே ஒதுக்கிவிட்டார்கள். முறையாக சங்கீதமும் படிக்கவில்லை. ரேடியோதான் வாத்தியார்.

ஆனால் தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். லோ கியரில் இறங்குகிற வண்டிதான் பத்திரமாக ஊர் போய்ச் சேரும். உஷாவின் கதையும் அப்படித்தான்!

சேலையில் ஜாஸ்

தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலம் அது. 1971-ல்தான் தளர்த்தினார்கள். நல்ல குடும்பத்துப் பெண் கிளப்பில் பாடுவதா என்று ஊர் வாய் சும்மா இருக்குமா? கிளப் பாடகி என்றாலே கவுன்தான் என்றும் ஒரு நினைப்பு.

உஷா மேடை ஏறியதோ சேலை கட்டிக்கொண்டு! வாயைத் திறந்தால் இங்கிலீஷ் பாட்டு. கூட்டத்துக்குப் பிடித்துப் போச்சு. ஒரு நாளோடு போக முதலாளி விடவில்லை. ஒரு வாரம் பாடச் சொல்லிவிட்டார்.

அடுத்து கல்கத்தா பார்க் தெருவில் "டிரிங்காஸ்". பிறகு டெல்லி ஓட்டல் மேடை. "ஹரே ராமா ஹரே கிருஷ்ணா" (1971) இந்திப் படத்திலும் குரல் கொடுத்தார். ஜாஸ், பாப், சினிமாப் பாட்டு எல்லாம் அதே கட்டைக் குரலில்தான். சேலையையும் விடவில்லை; பெரிய பொட்டும் தலைநிறையப் பூவும் அவர் அடையாளமாகவே ஆகிவிட்டன. "மன்மதன் அம்பு" (2010) படத்தில் மாதவனுக்கு அம்மாவாக வந்தவரும் இவரேதான்.

2011-ல் பத்மஸ்ரீ. 2024-ல் பத்மபூஷண்.

சபையர் கட்டிடத்தை இடித்துவிட்டார்கள். நைன் ஜெம்ஸும் போயே போச்சு. அங்கே கிளம்பிய குரல் மட்டும் ஊர் ஊராய்ச் சுற்றிவிட்டது.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் கட்டைக் குரலா? வாயை மூடச் சொல்லாதீர்கள். ஒரு தரம் பாடவிட்டுத்தான் பாருங்களேன்!