நல்லதங்காளும் ஐ.பி.சி.யில் இல்லாத ஆறாவது விதிவிலக்கும்

நல்லதங்காள் கதை நமக்கெல்லாம் தெரியும். பஞ்சம் பிழைக்க அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணி மூளி அலங்காரி படுத்திய பாடு தாங்காமல் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் விழுந்தவள். வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கு. சரி, அவள் மட்டும் பிழைத்திருந்தால்? சட்டத்தின் கண்ணில் ஏழு கொலை செய்தவள்.

1989-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு நிஜமாகவே அப்படி ஒரு வழக்கு வந்தது. பிள்ளைகளோடு கிணற்றில் குதித்த தாய். பிள்ளைகள் இறந்துவிட, அவள் பிழைத்துக்கொண்டாள்.

இ.பி.கோ. 84-வது பிரிவு கிட்டத்தட்ட பூலியன் மாதிரி. செய்வது என்ன, அது தவறு என்றே தெரியாத அளவுக்குப் புத்தி பேதலித்திருந்தால் விடுதலை. இல்லையென்றால் 302: குறைந்தபட்சமே ஆயுள் தண்டனை. நடுவில் எதுவும் கிடையாது.

இங்கிலாந்தில் அந்த நடுப்படி 1957-லேயே வந்துவிட்டது. ஸ்காட்லாந்து நீதிமன்றங்களிடம் கடன் வாங்கியதுதான். 'குறைந்த பொறுப்பு' என்று சொல்லலாம். மருத்துவம் ஒப்புக்கொள்ளும் மனக்கோளாறு ஒன்று ஒருவரின் நிதானத்தையோ சுயக்கட்டுப்பாட்டையோ பெருமளவு பாதித்து, கொலைக்கும் அதுவே காரணமாக இருந்தால், குற்றம் ஒரு படி இறங்கும். தண்டனை நீதிபதி கையில். (இப்போதுள்ள வாசகம் 2009-ல் திருத்தப்பட்டது.) ஐஸ்வர்யா ராய் நடித்த 'புரோவோக்ட்' படம் பார்த்திருப்பீங்க. அந்த கிரண்ஜித் அலுவாலியாவுக்கு 1992 மேல்முறையீட்டில் வழி திறந்தது 'ஆத்திரமூட்டல்' வாதம் இல்லை, இந்தக் குறைந்த பொறுப்புதான்.

நம்ம நீதிபதிகளிடம் அந்தக் கதவு இல்லை. அதனால் 300-வது பிரிவின் முதல் விதிவிலக்கான 'கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல்' பக்கம் போனார்கள். திடீரென்று நடக்காமல், நாள்கணக்கில் சேர்ந்துகொண்டே வந்து கடைசியில் ஓர் அற்ப விஷயத்தில் உடைவதும் ஆத்திரமூட்டல்தான் என்றார்கள். 'நல்லதங்காள் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டு, ஏற்கெனவே உள்ள ஐந்து விதிவிலக்குகளோடு இதையும் சேர்க்கலாம் என்றார்கள்.

மனிதாபிமானமான தீர்ப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு ஓர் இடம் இடிக்குது. அந்த விதிவிலக்கின்படி, இறந்தவர்தான் ஆத்திரமூட்டியிருக்கணும். தவறுதலாகவோ விபத்தாகவோ வேறொருவர் இறந்தாலும் பொருந்தும். குழந்தைகள் யாரை ஆத்திரமூட்டினாங்க? தவறுதலாகவும் சாகலையே! அவளை அங்கே கொண்டுபோனது கோபம் இல்லை, நொறுங்கிய மனசு. அதற்கான பிரிவு இல்லாததால் கோபத்துக்கான பிரிவை இழுத்து நீட்டியிருக்காங்க என்பதே என் வாசிப்பு.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. 84 இப்போ 22 ஆகிவிட்டது, 300 இப்போ 101. விதிவிலக்குகள் அதே ஐந்துதான்.