எம்.வி.பி. விருது: ஆடியவர் கையிலிருந்து எழுதுபவர் கைக்கு

1961-62 பருவத்தில் வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் எடுத்தார். ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் குவித்ததும் அந்தப் பருவத்தில்தான். ஆஸ்கர் ராபர்ட்சனோ புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் பருவம் முழுக்க இரட்டை இலக்கச் சராசரி வைத்திருந்தார். ஆனாலும் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது இவர்கள் இருவருக்கும் கிடைக்கவில்லை. சராசரி 19 புள்ளியைக்கூடத் தொடாத பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் சென்டர் (கூடைக்கு அருகில் ஆடுபவர்) பில் ரஸல் அதைப் பெற்றார்.

அன்று வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்கள். தன் அணிக்காரருக்கு யாரும் வாக்குப் போடக் கூடாது என்பது விதி. ஆகவே ரஸலுக்கு விழுந்த ஒவ்வொரு வாக்கும் எதிரணிக்காரர் போட்டது. பந்தோடு கூடையை நெருங்கும்போது ரஸலின் கை எங்கிருந்து வரும் என்று தெரியாமல் தவித்தவர்கள் அவர்கள். எதிராளி வீசும் பந்தைத் தடுக்கும் 'பிளாக்' கணக்கை லீக் எழுதத் தொடங்கியதே 1973-74இல்தான். ரஸலின் தலையாய திறமை எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. தடுக்கப்பட்டவர்களின் நினைவில் மட்டும் இருந்தது. அதே 1961-62 பருவத்தின் சிறந்த ஐவர் என்று பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்த ஆல்-என்.பி.ஏ. முதல் அணியில் சென்டர் இடம் சேம்பர்லினுக்குத்தான். ரஸல் இரண்டாம் அணியில். 1958இலும் 1961இலும் ரஸலுக்கு இப்படியே நடந்தது. சக ஆட்டக்காரர்கள் தலைசிறந்தவர் என்று சொன்னவரைப் பார்த்து எழுதியவர்கள் இரண்டாம் வரிசையில் வைத்தார்கள்.

இந்த விருதின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது.

விருது தொடங்கியது 1955-56இல். லீக்கில் அப்போது எட்டே அணிகள். முதலில் வாங்கியவர் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸின் பாப் பெட்டிட். 1960 முதல் 1980 வரை ராபர்ட்சன் ஒருவரைத் தவிர வாங்கிய அத்தனை பேரும் சென்டர்கள். கரீம் அப்துல்-ஜப்பார் மட்டும் ஆறு முறை வாங்கினார்; அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. 1976இல் அவருடைய லேக்கர்ஸ் அணி பிளேஆஃப் சுற்றுக்கே போகவில்லை. அப்படியும் அவரே சிறந்தவர் என்று எதிரணிகள் வாக்களித்தன.

1980-81இலிருந்து வாக்கு செய்தியாளர்களிடமும் ஒளிபரப்பாளர்களிடமும் போய்விட்டது. இன்று அணிகள் முப்பது. வாக்காளர் நூறு பேர் அளவில். ஒவ்வொருவரும் ஐந்து பெயர்களை வரிசைப்படுத்த, அவற்றுக்கு 10, 7, 5, 3, 1 என்று புள்ளி. 2016இல் இருந்த 131 முதலிட வாக்குகளும் ஸ்டீபன் கர்ரிக்கே விழுந்தன; ஒருமனதாக விருது பெற்ற முதல் ஆள் அவர். இந்த வாக்கில் பணமும் கலந்துவிட்டது. அண்மையில் எம்.வி.பி. வாங்கியவருக்கு, தகுந்த பணிக்காலம் இருந்தால், உச்ச ஊதிய ஒப்பந்தத்துக்கான தகுதி வந்துவிடுகிறது. ஒரு பத்திரிகையாளரின் வாக்கு ஓர் ஆட்டக்காரரின் பல கோடி ரூபாய் வருமானத்தைத் தீர்மானிக்கிறது என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உண்மையான வளர்ச்சி வேறிடத்தில் இருக்கிறது. நைஜீரியாவில் பிறந்த ஹக்கீம் ஒலாஜுவன் 1994இல் வாங்கும்வரை அமெரிக்காவுக்கு வெளியே பிறந்த எவருக்கும் இந்த விருது கிடைத்ததில்லை. 2019 முதல் 2025 வரையிலான ஏழு விருதுகளும் வெளியில் பிறந்தவர்களுக்கே: கிரீஸின் யானிஸ் இரண்டு, செர்பியாவின் நிகோலா யோகிச் மூன்று, கேமரூனில் பிறந்த ஜோயல் எம்பீட் ஒன்று, கனடாவின் ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர் ஒன்று. அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2014இல் யோகிச் 41ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். 2022இல் கோப்பையைக் கொடுக்க அவருடைய அணியினர் செர்பியாவின் சொம்போர் நகரிலுள்ள குதிரை லாயத்துக்கே போனார்கள். அவர் பந்தயக் குதிரை வண்டியில் அமர்ந்தபடி வந்து இறங்கினார்.

2023-24இலிருந்து குறைந்தது 65 ஆட்டம் ஆடினால்தான் விருதுக்குத் தகுதி. 1978இல் 58 ஆட்டமே ஆடி வாங்கிய பில் வால்டனுக்கு இன்றைய விதிப்படி கிடைத்திருக்காது. கோப்பையின் பெயரும் மாறிவிட்டது. லீக்கின் முதல் தலைவர் மாரிஸ் பொடலோஃப் பெயரில் இருந்தது 2022 டிசம்பரில் மைக்கேல் ஜோர்டான் கோப்பையானது. ஆட்டக்காரரின் பெயர் வந்துவிட்டது. ஆட்டக்காரரின் வாக்கு மட்டும் திரும்பவில்லை.

2015இல் வீரர்கள் சங்கம் தனியாக ஒரு விருது வைத்தது. செய்தியாளர்கள் கர்ரியைத் தேர்ந்தெடுத்த ஆண்டில் வீரர்கள் ஜேம்ஸ் ஹார்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். யார் சரி என்பதல்ல என் கேள்வி. களத்தில் நிற்பவருக்கு வேறொன்று தெரிகிறது. அது கணக்கில் சேர வேண்டும். வீரர்கள் நண்பர்களுக்கு வாக்குப் போட்டுவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானதுதான். அதனால் முழு அதிகாரத்தையும் தர வேண்டாம். ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் தொடக்க ஐவரைத் தேர்ந்தெடுப்பதில் 2017 முதல் ரசிகர்களுக்குப் பாதியும், வீரர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் கால் கால் பங்கும் தரப்பட்டிருக்கின்றன. ஒரு காட்சி ஆட்டத்துக்குக் கொடுத்த அந்தக் கால் பங்கை எம்.வி.பி.க்கும் என்.பி.ஏ. கொடுக்க வேண்டும்.