உங்களுக்குத் தெரியுமா? மௌனவிரதம் பூணும் கணினி

கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளில், மாநில அரசின் 'கைட்' நிறுவனம் தொகுத்தளிக்கும் லினக்ஸ் இயங்குதளமே பெரும்பாலும் இயங்குகிறது. அத்தகைய கணினியொன்று, திரையில் ஒலியளவு பூரணமாயிருந்தும் மௌனவிரதம் பூண்டால், ஒலிபெருக்கியைப் பழிப்பதற்கு முன், அடித்தளத்தில் வேறொரு பூட்டு இருக்கக்கூடும் என்பதை நினைவிற்கொள்வது உசிதம். 1998-இல் யாரோஸ்லாவ் கிசெலா தொடங்கிய, லினக்ஸின் ஒலியமைப்பான 'அல்சா' என்பதே அவ்வடித்தளம். டெர்மினலில் 'அல்சாமிக்ஸர்' (alsamixer) என்று தட்டி, எஃப்6 விசையால் உரிய ஒலியட்டையைத் தேர்ந்து நோக்கினால், அடைபட்ட ஒலித்தடத்தின் கீழ் 'எம்எம்' என்னும் குறி நிற்கும். எம் விசையை அழுத்த, அது நீங்கும். இதனினும் விசித்திரமானது 'ஆட்டோ மியூட்': ஹெட்ஃபோன் செருகப்பட்டிருப்பதாகக் கணினி பிரமை கொண்டால், ஒலிபெருக்கியைத் தானே அடக்கிவிடும். செருகுதுளையில் படியும் தூசிகூட அப்பிரமையை உண்டாக்கலாம்; பள்ளிக்கூடக் கணினித் துளைகளில் தூசிக்கா பஞ்சம்!