இரயில் எஞ்சின் தொழிலில் இளம் பொறியாளருக்கு இடம் உண்டா?

"அரைக்காசு உத்தியோகம் என்றாலும் அரசாங்க உத்தியோகம்" என்பது எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் பழமொழி. என் தந்தையார் திருச்சி பொன்மலை இரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் தம்பி இயந்திரவியலில் டிப்ளமா முடித்தவன். "அப்பா எஞ்சினைப் பழுது பார்த்தார், நான் புதிய எஞ்சினே கட்டுவேன்" என்பது அவன் ஆசை.

சென்ற ஆண்டு ஒருவர் எங்கள் வீடு தேடி வந்தார். எஞ்சின் ஆலையில் தமக்கு வேண்டியவர்கள் இருப்பதாகவும், நான்கு லட்சம் கொடுத்தால் ஆறே மாதத்தில் வேலை வரும் என்றும் சொன்னார். அம்மா நகையை அடகு வைக்கவும் துணிந்துவிட்டார். இயற்பியல் மாணவனான நான், "ஒரு வாரம் பொறுங்கள், விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். அவ்வாறு விசாரித்து அறிந்தவற்றையே நண்பர்கள் முன் வைக்கிறேன்.

முதலில், இத்தொழில் வளர்கிறதா, தேய்கிறதா? 2024-25ஆம் நிதியாண்டில் இந்தியாவில் 1,681 இரயில் எஞ்சின்கள் உருவாயின. அவற்றுள் 700 மேற்கு வங்கத்துச் சித்தரஞ்சன் ஆலையில் பிறந்தவை. வாரணாசியிலும் பாட்டியாலாவிலும் இரயில்வேயின் சொந்த ஆலைகள் உள்ளன. பீகாரில் மாதேபுராவிலும் மர்ஹௌராவிலும் வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டாக அமைந்த ஆலைகள் இயங்குகின்றன. குஜராத்தின் தாகோத்தில் 9,000 குதிரைத்திறன் எஞ்சின்களைக் கட்டும் ஆலை 2025-ல் திறக்கப்பட்டது. மர்ஹௌராவிலிருந்து ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக்கு அதே ஆண்டில் எஞ்சின்கள் ஏற்றுமதியாகத் தொடங்கின. ஆகவே, தொழில் வளர்கிறது என்பதில் ஐயமில்லை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எஞ்சின் ஆலை என்பது ஆர்டரை நம்பி வாழ்வது. 1921-ல் சிங்பூமில் தொடங்கிய பெனின்சுலர் லோகோமோட்டிவ் கம்பெனி, ஆர்டர் கிடைக்காமல் ஓர் எஞ்சினைக்கூடக் கட்டாமலே முடிந்தது. 1945-ல் தொடங்கிய டெல்கோ நிறுவனம் தன் பெயரிலேயே 'லோகோமோட்டிவ்' என்ற சொல்லை வைத்திருந்தது. நீராவி எஞ்சின்களைக் கட்டிவந்த அந்நிறுவனம் 1970-ல் அவ்வேலையை விட்டது. லாரியும் காரும் செய்யும் டாடா மோட்டார்ஸாக இன்று நாம் அறிவது அதனையே. வாரணாசி ஆலையும் 1964 முதல் டீசல் எஞ்சின் கட்டிப் புகழ்பெற்றது. இருப்புப்பாதைகள் மின்மயமானபோது அது மின்சார எஞ்சினுக்கு மாறியது. 2020-ல் பெயரிலிருந்த 'டீசல்' என்ற சொல்லும் போயிற்று. ஆலை தொழிலை மாற்றிக்கொண்டபோது அங்கிருந்த பொறியாளரும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

அவர்கள் கற்க வேண்டியது என்ன? நம் தலைக்கு மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. எஞ்சினின் கூரைமேல் உள்ள கரம் அதை வாங்குகிறது. உள்ளே இருக்கும் மின்மாற்றி அழுத்தத்தைக் குறைக்கிறது. பிறகு குறைகடத்திக் கருவிகள் அதை நேர்மின்னோட்டமாக்கி, மீண்டும் மூன்று கட்ட மாறுமின்னோட்டமாக்கி, சக்கர அச்சுகளைச் சுழற்றும் மோட்டார்களுக்கு அனுப்புகின்றன. ஓட்டுநர் கைப்பிடியை நகர்த்தினால் கணிப்பொறியே அந்த மின்னோட்டத்தின் அதிர்வெண்ணை மாற்றி வேகத்தைக் கூட்டுகிறது. சட்டகம், பிரேக், காற்றழுத்தி ஆகியவற்றுக்கு இயந்திரவியல் அறிவு என்றும் வேண்டும். ஆனால் அதனோடு மின்னியலும் மின்னணுவியலும் சேர்ந்தே கற்றவருக்குத்தான் இன்று மதிப்பு.

இனி, வேலைக்குச் செல்லும் வாசல்களைப் பார்ப்போம். இரயில்வே ஆலைகளில் உயர் பொறியாளர் பதவிக்கு மத்தியத் தேர்வாணையம் நடத்தும் பொறியியல் பணித் தேர்வு உண்டு. ஜூனியர் என்ஜினியர் பதவிக்கு இரயில்வே தேர்வு வாரியத்தின் தேர்வு உண்டு. டிப்ளமா படித்தவர் எழுதலாம். கணிப்பொறி வழியாக இரண்டு கட்டத் தேர்வு, பின்பு சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவச் சோதனை என்பது அதன் முறை. வினாக்களைத் தமிழிலேயே படித்து விடையளிக்கலாம் என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை.

கலைக்கல்லூரியில் படிக்கும் நமக்கும் இங்கே ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. அதே தேர்வின் வழியே உலோகச் சோதனைக்கூடங்களுக்கு உதவியாளர்களை எடுக்கிறார்கள். இயற்பியலும் வேதியியலும் பயின்ற பி.எஸ்ஸி. பட்டதாரிகள் அதற்கு விண்ணப்பிக்கலாம். சக்கரத்திலும் அச்சிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று ஒலியலையால் சோதிப்பது நம் பாடத்தில் உள்ள இயற்பியல்தானே!

தொழில் பழகுநர் பயிற்சி பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சியில் சேர்ந்தாலே வேலை நிச்சயம் என்று பலர் நம்புகின்றனர். அது தவறு. பயிற்சி தருபவர் வேலையும் தர வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. பயிற்சி முடித்தவர்களுக்கு இரயில்வேயின் முதல்நிலைப் பணிகளில் 20 விழுக்காடு இடம் ஒதுக்கப்படுகிறது. அதற்கும் தேர்வு எழுதியே ஆக வேண்டும்.

தனியார் வாசலும் உண்டு. எஞ்சின் ஓர் ஊரில் முழுமை பெறுகிறது. ஆனால் பல ஊர்களில் உருவாகிறது. மோட்டார் போபாலிலிருந்து வரும். சக்கரம் பெங்களூரு எலகங்காவிலிருந்து வரும். வார்ப்பு, கம்பிச்சுருள், பிரேக் கருவி என்று உறுப்புகள் செய்யும் தொழிற்கூடங்கள் நாடெங்கும் உள்ளன. நம் மாநிலத்தில் புதிய எஞ்சின்களைப் பெருமளவில் கட்டும் ஆலை இல்லை. பொன்மலை நீலகிரி மலை இரயிலுக்கு நீராவி எஞ்சின்களைக் கட்டித் தன் திறமையைக் காட்டியிருக்கிறது. எனினும் அதன் முதன்மைப் பணி பழுதுபார்ப்பே. சென்னைப் பெரம்பூரில் 1955 முதல் இயங்கும் ஆலையோ பெட்டிகளைச் செய்வது. ஆனால் அங்கு 2018-ல் உருவான வந்தே பாரத் இரயிலில் தனி எஞ்சினே கிடையாது. பெட்டிகளின் அடியிலேயே மோட்டார்கள் உள்ளன. எஞ்சின் அறிவு படைத்தவருக்கு இனிப் பெட்டி ஆலையிலும் வேலை உண்டு என்பதை இது காட்டுகிறது.

இத்தனை வாசல்களையும் தேடினேன். தரகர் என்றொரு வாசல் எங்கும் இல்லை!

ஒரு வாரம் கழித்து அந்த மனிதர் மீண்டும் வந்தார். என் தந்தையார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்த அறிவிப்பின்கீழ் இந்த வேலை? அறிவிப்பு எண் என்ன?" அவர் காபியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. பிறகு வரவும் இல்லை. அம்மா முதலில் வருந்தினார். "வந்த வேலையைக் கெடுத்துவிட்டாயே" என்று என்னிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

தம்பி இப்போது துவாக்குடித் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் வேலை பார்க்கிறான். இரவில் ஜூனியர் என்ஜினியர் தேர்வுக்குப் படிக்கிறான். மின்னியல் பாடத்தில் அவனுக்கு ஐயம் வந்தால் நான் சொல்லித் தருகிறேன். போட்டி கடுமையானது, அவன் வெல்வான் என்று உறுதி கூற என்னால் இயலாது. ஆனால் பட்டறையில் கற்ற கைத்திறனும் இரவில் கற்ற பாடமும் தேர்வில் தோற்றாலும் அவனைக் கைவிடமாட்டா. தரகரிடம் கொடுத்த பணமோ ஒருநாளும் திரும்பாது.

நண்பர்களே! உங்கள் வீட்டிலும் டிப்ளமாவோ பொறியியலோ முடித்த ஒரு தம்பியோ தங்கையோ இருக்கலாம். நாளை ஒருவர் வந்து ஆசை காட்டும்போது, நீங்களும் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "அறிவிப்பு எண் என்ன?"