கக்கேத்தியின் செம்மது

செந்நிற முந்திரிகை மது என்றவுடன் பிரான்சு தேசத்துப் போர்தோவும் பர்கண்டியுமே பலருக்கு நினைவில் எழும். அவற்றினும் தொன்மையான மரபுடையதாயினும் அத்துணைப் புகழ் எய்தாத ஒரு நாட்டுப்புறத்தை நேயர்களுக்கு இன்று அறிமுகஞ் செய்ய விரும்புகின்றேன். அது ஜோர்ஜியா நாட்டின் கிழக்கே உள்ள கக்கேத்தி மாகாணம்.

தலைநகர் திபிலிசியிலிருந்து கொம்போரிக் கணவாயைக் கடந்து மோட்டார் வண்டியிற் சென்றால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தெலாவி நகரை அடையலாம். கீழே அலசானி ஆற்றின் பள்ளத்தாக்கு; அப்பால் கோக்கேசிய மலைத்தொடர்; இடையே கண்ணுக்கெட்டிய தூரம் முந்திரிகைத் தோட்டங்கள். செப்டெம்பர் இறுதியிலும் ஒக்டோபரிலும் செல்வோர் அறுவடையையும் காண்பர்.

இங்கு விளையும் செம்முந்திரிகைகளுள் தலைசிறந்தது சப்பெராவி. அப்பெயருக்குச் சாயம் என்பது பொருள். பெரும்பாலான கருமுந்திரிகைகளுக்குத் தோலில் மட்டுமே நிறம் உண்டு. சப்பெராவிக்கோ சதையும் சிவப்பு. ஆதலின் அதன் மது மைபோற் கறுத்துத் தோன்றும். புளிப்பும் துவர்ப்பும் மிகுந்தமையால் பல்லாண்டு கெடாதிருக்கும். நெருப்பில் வாட்டிய இறைச்சியுடன் அருந்துங்கால் அத்துவர்ப்பே இன்சுவையாகின்றது. முகுசானி என்னும் மது இனிப்பற்றது. கிண்ட்ஸ்மராவுலி சற்றே இனிப்புடையது. இரண்டும் சப்பெராவியிலிருந்தே பிறக்கின்றன.

மது செய்யும் முறையும் அறியத்தக்கது. குவெவ்ரி எனப்படும் முட்டை வடிவான பெருந்தாழியைக் கழுத்துவரை நிலத்திற் புதைத்து, உட்புறத்தில் தேன்மெழுகு பூசுவர். பிழிந்த சாற்றையும் தோலையும் அதனுள் இட, அது தானே நொதிக்கும். பின்னர் வாயை மூடிக் களிமண்ணால் அடைத்துவிடுவர். மண்ணின் மாறாத குளிர்ச்சி குளிர்காலம் முழுவதும் மதுவைப் பேணுகின்றது. திபிலிசிக்குத் தெற்கே அகழ்ந்தெடுக்கப்பட்ட ஓடுகளில் ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முந்திய மதுவின் தடயங்கள் உள்ளமையை 2017ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர்.

இத்தொன்மை எளிதில் நிலைத்துவிடவில்லை. சோவியத் ஆட்சிக்காலத்துப் பேராலைகள் அளவையே பெரிதாகக் கருதின. ஐந்நூறுக்கு மேற்பட்ட நாட்டு முந்திரிகை இனங்கள் இருந்தும், மிகச் சிலவே பெருவாரியாகப் பயிராயின. 1985இல் தொடங்கிய மதுவெதிர்ப்பு இயக்கத்திற் பல தோட்டங்கள் அழிந்தன. 2006இல் ருசியா ஜோர்ஜிய மதுவின் இறக்குமதியைத் தடை செய்தது. 2013 வரை அத்தடை நீடித்தது. பெருஞ்சந்தை அடைபடவே, உற்பத்தியாளர் தரத்தை உயர்த்திப் பிறநாடுகளை நாட வேண்டியதாயிற்று. அவ்வேளையில் அவர்களுக்குக் கைகொடுத்தது, குடியானவர் தம் வீட்டுத் தேவைக்காக விடாது காத்துவந்த தாழிமுறையே. 2013இல் யுனெஸ்கோ அம்முறையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது. எனினும், அத்தாழிகளை வனையும் குடும்பங்கள் இன்று மிகச் சிலவே.

ஆதலின் கக்கேத்திக்குச் செல்வோர் பெரிய ஆலைகளைப் பார்த்தமட்டில் திரும்பிவிடலாகாது. மரானி எனப்படும் சிறிய வீட்டு மதுவறை ஒன்றுக்கும் செல்லவேண்டும். மரப்பீப்பாயில் முதிர்ந்த சப்பெராவியையும் தாழியில் விளைந்ததையும் அருகருகே வைத்துச் சுவைத்தால் வேறுபாடு புலப்படும். விருந்தில் தமாதா எனப்படும் தலைவர் வாழ்த்துரை கூறிய பின்னரே கிண்ணத்தை உயர்த்துவது அந்நாட்டு வழக்கம். அவர் முன்னோரையும் விருந்தினரையும் வாழ்த்தும் சொற்களைப் பொறுமையுடன் கேட்டு, அளவறிந்து அருந்துவோருக்கே அம்மதுவின் முழு இன்பமும் கிட்டும்.