பொத்துதல் என்னும் கையறிவு

மட்டக்களப்பு வாவிக்கரையில் வலை பொத்தும் மீனவரை நாம் இன்றும் காணலாம். அறுந்த கண்ணைச் சுற்றியுள்ள நைந்த நூலை முதலில் வெட்டி நீக்குவர். பின்னர், வலையூசியிற் சுற்றிய நூலாற் பழைய அளவு மாறாது புதுக் கண்களை முடிவர். ஒரு கண் அறுந்தமைக்காக வலையை எறிவார் எவருமிலர். ஆயின், சிறு கிழிசலுக்காகச் சட்டையை எறியும் வழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது.

'பொத்துதல்' என்னுஞ் சொல் வலைக்கும் துணிக்கும் பொதுவானது. நெய்த துணியில் துளை விழுந்தால், அதனைச் சூழ்ந்த நைவில்லாத பகுதியிலிருந்து தொடங்கி, துளையின் குறுக்கே பாவுபோல நெருங்க இழையோட்டல் வேண்டும். பின்னர், அவ்விழைகளின் மேலுங் கீழுமாக மாறிமாறி ஊசியைச் செலுத்தி, ஊடையிழை கோத்தல் வேண்டும். இறுக இழுத்தால் துணி சுருங்கும். ஆதலால் முனைகளைச் சிறிது தளரவிடுதல் முறை. மருதமுனைக் கைத்தறியாளர் தறியிற் செய்வதையே பொத்துபவர் ஊசியாற் செய்கின்றார்.

இக்கையறிவு நமக்கு மட்டும் உரியதன்று. யப்பானின் வடபுலத்துக் கடுங்குளிரிற் பருத்தி விளையாது. ஆங்குள்ள உழவர் சணல்நார்த் துணிகளை அடுக்கித் தைத்து, ஒட்டின்மேல் ஒட்டிட்டுத் தலைமுறைகளாக உடுத்தனர். அத்தையலைச் 'சசிக்கோ' என்றும், அக்கந்தையைப் 'போரோ' என்றும் வழங்குவர். அன்று வறுமையின் அடையாளமாயிருந்த அக்கந்தைகள் இன்று அரும்பொருட்சாலைகளில் இடம்பெறுகின்றன. அவற்றின் சாயலில் ஆக்கிய புத்தாடைகள் மிகுவிலைக்கு விற்கப்படுகின்றன. கந்தையின் தோற்றத்தை விலைக்கு வாங்கலாம். அதனைப் பொத்திய கையின் அறிவை வாங்கலாகுமோ?

நம் நாட்டில் 1977 இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் மலிவான துணிகள் சந்தையை நிறைத்தன. கைத்தறி நலிந்தது; பொத்துதலும் மறக்கப்படலாயிற்று. இன்று நம் பொருளேற்றுமதியில் ஆடைக்கே முதலிடம். உலகுக்கு உடை தைத்தனுப்பும் நாட்டில், தம் சட்டைப் பொத்தானைத் தைக்க அறியாத மாணவர் பலர் உளர். எறியும் ஆடைகளிற் பெரும்பகுதி செயற்கையிழையாதலின், மண்ணிலும் வாவியிலும் அது எளிதில் மக்குவதில்லை.

இவற்றினும் பெரிய கேடொன்றுண்டு. பொத்திய சட்டையைக் கண்டு நகைக்கும் வகுப்பில், வறிய மாணவன் கூசியே அமர்ந்திருப்பான். ஒருநாள் வாராது நின்றுவிடவும் கூடும். மூத்தோர் மூவர் ஓராண்டில் ஒரு பிற்பகல் வந்து, ஊசியும் நூலுங்கொண்டு மாணவர்க்கு இதனைப் பழக்குவராயின், அந்நகைப்பு ஓயும். கிழிசலுக்கு நாணுதல் வேண்டா. பொத்தத் தெரியாமைக்கே நாணுவோமாக.